பழைய ஹைலக்ஸை வளவில் வைத்துத் திருத்துவது: எதை முதலில் தொடுவது?

விசுவமடுவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது. 1993 ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். எல்என் 106 மொடல், சிங்கிள் கப், 3எல் என்ற வகை டீசல் எஞ்சின், நாலு சில்லும் இழுக்கும் வகை. விடியற்காலையில் ஸ்டார்ட் எடுப்பது கஷ்டம், எடுத்தாலும் வெள்ளைப் புகை. பாரத்தோடு ஓடினால் ஹீற் முள் ஏறுகிறது. பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. இவ்வளவுக்கும் மேலே அவருக்கு நாலு ஆசை: பின்னுக்கு இரண்டு ஸ்பிரிங் பட்டை கூட்ட வேண்டும், பெரிய ரயர் போட வேண்டும், எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போ பூட்ட வேண்டும், பின்பெட்டிக்குக் கம்பி அடித்துக் கூடு கட்ட வேண்டும். வீட்டு வளவில், மாமரத்துக்குக் கீழே, தன் கையால் எதையெல்லாம் செய்யலாம், எந்த ஒழுங்கில் செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, நல்ல வாகனம்தான் வாங்கியிருக்கிறீர்கள். அதில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. முன்னும் பின்னும் திண்ணமான அச்சு, நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. ஒரு செட் ஸ்பானர், ஒரு மல்ரிமீற்றர், நல்ல ஜக் ஒன்று, கொஞ்சம் பொறுமை இருந்தால் முக்கால்வாசி வேலையை மாமரத்துக்குக் கீழேயே முடிக்கலாம். ஆனால் உங்கள் பட்டியலைத் தலைகீழாகப் பிடியுங்கள். பழுதுகளில் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் பிரேக்தான் முதல் வேலை. ஸ்பிரிங் பட்டை கூட்டும் யோசனையும் அதோடு தொடர்புள்ளதுதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வாகனத்தைத் தூக்கும் விஷயம். எங்கள் ஆட்கள் சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் அச்சை வைப்பார்கள். உள்ளே பொந்துள்ள கல் எந்த அடையாளமும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஒருபோதும் வேண்டாம். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். முடியாவிட்டால் பாலை, முதிரை மாதிரி வைரமான மரக்குற்றியை, அகலமான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். விசுவமடுப் பக்கம் மண் இளகல். மழைக்குப் பிறகு ஜக் ஒரு பக்கம் புதையும். கீழே இரண்டு அங்குலத் தடிப்பில் பலகை போட்டால்தான் நிற்கும். ஜக்கை மட்டும் நம்பி உடம்பைக் கீழே விடாதீர்கள். கழற்றிய சில்லைக் கதவுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஏதாவது சறுக்கினாலும் செசி, அதாவது வாகனத்தின் அடிச்சட்டம், சில்லின் மேல் இருக்கும், உங்கள் நெஞ்சின் மேல் இராது.

சரி, பிரேக். இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் பிடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாகனத்தில் முன்னுக்கு டிஸ்க், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற ஒவ்வொரு கலிப்பரிலும் நாலு பிஸ்டன். பல வருடம் சேற்றிலும் புழுதியிலும் ஓடியதில் ஒன்றிரண்டு கறள் பிடித்து இறுகியிருக்கும். டிஸ்க்கில் உரசுகிற பாட் இரண்டையும் எடுத்துத் தேய்ந்த அளவைப் பாருங்கள். ஒன்று மெல்லிசாகவும் மற்றது தடிப்பாகவும் இருந்தால் தடிப்பான பக்கத்துப் பிஸ்டன்தான் வேலை செய்யவில்லை. ரப்பர் கிட் வாங்கி நீங்களே மாற்றலாம். பிஸ்டன் மேற்பரப்பில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் பிஸ்டனையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது ரப்பரும் மூன்று மாதத்தில் கசியும். கழுவுவதற்குப் பிரேக் ஒயில்தான். மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் எதுவும் அந்த ரப்பரில் படக்கூடாது. பட்டால் ரப்பர் ஊதிப்போகும், பிறகு ஊரில் இருக்கிற எல்லா மெக்கானிக்கும் வந்தாலும் காரணம் பிடிபடாது.

பின்னுக்கு டிரம். கழற்றும்போது உள்ளே ஈரமாக இருக்கிறதா பாருங்கள். மெல்லிய, நீர்த்தன்மையான கசிவு என்றால் சில்லுச் சிலிண்டர். தடித்த, நாற்றமடிக்கிற கறுப்பு ஒயில் என்றால் டிஃப் (அச்சின் நடுவில் உள்ள பற்சில்லுப் பெட்டி) பக்கத்து ஒயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் லைனரை மட்டும் மாற்றுவது காசைக் குளத்தில் போடுகிற வேலை. டிரம்முக்குள் இருக்கிற தூசியைக் கொம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து எடுங்கள்.

பிரேக் குழாய்களில் இருந்து காற்று எடுக்கும்போது, மிதி தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லில் தொடங்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் முதலில் பின் இடது, பிறகு பின் வலது, பிறகு முன் இடது, கடைசியில் முன் வலது. காற்றை வெளியே விடுகிற நிப்பிள் இன்னொன்றும் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. பின் அச்சுக்கு மேலே செசியில் ஒரு வால்வு இருக்கிறதே, அதில்தான்.

அந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஸ்பிரிங் பட்டை ஆசைக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

பின் அச்சில் இருந்து ஒரு கம்பி மேலே போய் அந்த வால்வைத் தொடும். பெட்டி வெறுமையாக இருக்கும்போது வாகனத்தின் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். அப்போது அந்த வால்வு பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரமில்லாத பின் சில்லு பூட்டிக்கொண்டு வாகனம் சுழலக்கூடாது என்பதற்காக. பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை அந்த வால்வு உயரத்தை வைத்துத்தான் கணிக்கிறது. அதற்கு வேறு கண் கிடையாது.

இப்போது நீங்கள் இரண்டு பட்டை கூட்டுகிறீர்கள். 20 மூட்டை நெல் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. பார்க்க நல்ல எடுப்பாக நிற்கும். வால்வோ பெட்டி வெறுமை என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கை அடக்கியே வைத்திருக்கும். பாரத்தின் பெரும்பங்கை முன் சில்லு இரண்டுமே நிறுத்த வேண்டும். இதை நான் படித்து அறியவில்லை. பல வருடத்துக்கு முன் என்னுடைய பழைய பிக்கப்புக்கு நானே இரண்டு பட்டை கூட்டினேன். ஒரு கார்த்திகை மாத மழையில் ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து நெல்லோடு மாங்குளத்துக்கு வரும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். முன் சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வாகனம் திரும்பவில்லை. தெருவோரக் கானுக்குள் போய் நின்றது. மாட்டுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, நெல் நனைந்தது. அன்று பின்னேரம் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கம்பி அந்தரத்தில் தொங்குகிற மாதிரி நிற்பது கண்ணில் பட்டது.

வன்னி தட்டையான நிலம். மலைநாட்டுக்காரர் மாதிரி எங்களுக்கு இறக்கத்தில் பிரேக் சூடாகிப் போகிற பயம் இல்லை. எங்களுக்கு மாடுதான், அதிலும் இரவில் ஏ9 வீதியின் நடுவில் படுத்திருக்கிற மாடு. ஆகவே திடீரென்று பிடிக்கிற பிரேக் சரியாக இருக்க வேண்டும்.

பாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்த வகைப் பிக்கப் கிட்டத்தட்ட ஒரு தொன் ஏற்றக் கட்டப்பட்டது. நெல் மூட்டை 65 கிலோ என்று வைத்தால் 15 மூட்டை 975 கிலோ. அவ்வளவுதான். 25 மூட்டை ஏற்றினால் 1,625 கிலோ. பட்டை கூட்டினால் பட்டை தாங்கும். அச்சு, பெயாரிங், கிளச், பிரேக், செசி எல்லாம் பழைய அளவில்தான் இருக்கின்றன. 30 வருடம் தாண்டிய செசி பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

ஆகவே என் யோசனை: பட்டை கூட்டாதீர்கள், இருக்கிற பட்டையைச் சரிசெய்யுங்கள். பட்டை அடுக்கைக் கழற்றினால் ஒன்றிரண்டு உடைந்தே இருக்கும். உடைந்ததை மாற்றி, தட்டையாகிப் போனதைப் பட்டறையில் கொடுத்து வளைவு எடுத்து, ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டால் பின்பக்கம் தானாக உயரும். யூ போல்ட் பழையதைத் திரும்பப் போட வேண்டாம், அது இழுபட்டிருக்கும். புதிதாகப் போட்டு, 200, 300 கிலோமீற்றர் ஓடிய பிறகு பாரத்தோடு நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். அதற்குப் பிறகும் ஒரு பட்டை கூட்டியே ஆக வேண்டும் என்றால், வாகனம் எவ்வளவு உயர்ந்ததோ அந்த அளவுக்கு அச்சுப் பக்கம் அந்தக் கம்பி பிடிக்கும் இடத்தையும் உயர்த்த வேண்டும். அது அண்ணளவான வேலைதான். சரியான அளவு முன் பின் அழுத்தத்தை மீற்றர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்கு அந்தக் கருவி உள்ள கராச்சுக்குத்தான் போக வேண்டும். சிலர் கம்பியை மேலே இழுத்துக் கம்பி வயரால் கட்டிவிடுவார்கள், எப்போதும் முழு அழுத்தம் போகட்டும் என்று. அப்படிக் கட்டிய வாகனம் வெறும் பெட்டியோடு மழையில் பிரேக் பிடித்தால் வால் முன்னுக்கு வரும்.

பிரேக் மிதி கல்லு மாதிரி இறுகலாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் எஞ்சினில், மிதியை இலேசாக்குகிற பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கிற பம்ப், பற்றரியைச் சார்ஜ் செய்கிற ஒல்டர்நேற்றரின் பின்பக்கத்தோடு சேர்ந்தே இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் சாதாரண ஒல்டர்நேற்றர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு அந்தக் குழாயை அடைத்திருந்தால், பூஸ்டர் செத்தபடியே வாகனம் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி வந்த வாகனங்களைப் பார்த்திருக்கிறேன்.

முன் சில்லுப் பெயாரிங்கும் இதே நேரத்தில் செய்து முடிக்கிற வேலை. சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஹப்புக்குள் இருக்கிற நட்டு 54 மில்லிமீற்றர். அதற்கு உரிய சொக்கற் இருக்கிறது. எங்கள் ஊரில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்றுவார்கள். உங்களுடையதிலும் உளித் தழும்பு இருக்கும், பாருங்கள். சொக்கற்றை வாங்குங்கள். நட்டை இறுக்கி, சில்லைச் சுழற்றி, தளர்த்தி, மீண்டும் இலேசாக இறுக்கி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் வந்ததும் வாசரையும் பூட்டு நட்டையும் போட்டு இறுக்கி, வாசரின் காதை மடித்துவிடுங்கள்.

இனி ஹீற். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் ரேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள். சேறு, வைக்கோல் தூசு, பூச்சி எல்லாம் தகட்டுக்கு நடுவில் சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். முன்னால் இருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். அதிக அழுத்தம் தகட்டை மடித்துவிடும்.

உள்பக்கம் வேறு கதை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் எஞ்சின் தண்ணீர்ப் பாதைக்குள்ளும் படிந்திருக்கும். கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு மழைத் தண்ணீர் சேர்த்து வைத்து, கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். கூலன்ற் குளிர்நாட்டுக்காரருக்குத்தான் என்று சொல்லுவார்கள். அது கறளைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. இரண்டும் எங்களுக்கும் வேண்டியவை.

எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தேர்மோஸ்ரற் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லை என்றே பந்தயம் பிடிப்பேன். வெயில் நாட்டில் இது எதற்கு என்று கழற்றி எறிவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. பல ரொயோட்டா எஞ்சின்களில் தேர்மோஸ்ரற்றின் அடிப்பகுதி இன்னொரு வேலையும் செய்கிறது. எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும் குறுக்குப் பாதையை அது அடைக்கும். அதை எடுத்தால் அந்தப் பாதை திறந்தபடியே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைத் தொடாமலே திரும்பும். பாரம் இல்லாதபோது எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும், பாரம் ஏற்றினால் சூடேறும். உங்கள் முறைப்பாட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. புதியதைப் பூட்டுவதற்கு முன் நூலில் கட்டி, பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து அமிழ்த்திப் பாருங்கள். 82 பாகை அளவில் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரேடியேற்றர் விசிறியின் நடுவில் உள்ள கிளச்சையும் பாருங்கள். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றினால் தடை தெரிய வேண்டும். காற்றாடி மாதிரிச் சுற்றினால் அது போய்விட்டது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஹீற் ஏறினால்தான் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால், அல்லது மூடிய நிலையில் மேல் ஹோஸ் இரண்டு நிமிடத்திலேயே இறுகினால், ஹெட் காஸ்கற் அல்லது ஹெட் வெடிப்பு. இந்த எல் வகை எஞ்சின்கள் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வெடிப்பதில் பெயர் போனவை. கழற்றுவது உங்கள் வேலையாக இருக்கலாம். அழுத்தச் சோதனையும் மட்டம் எடுப்பதும் லேத் உள்ள இடத்தில்தான். வெடிப்பைப் பார்க்காமல் காஸ்கற்றை மட்டும் மாற்றி இரண்டு மாதத்தில் மீண்டும் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

ஸ்டார்ட் பிரச்சினைக்கு வருவோம். வெள்ளைப் புகையில் டீசல் மணம் அடித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விட்டால் டீசல் எரியவில்லை என்று அர்த்தம். முதல் சந்தேகம், ஸ்டார்ட் எடுக்குமுன் எஞ்சினின் உள்ளறையைச் சூடாக்குகிற குளோ பிளக். நாலையும் இணைக்கிற தகட்டைக் கழற்றுங்கள். 12 வோல்ற் சின்ன பல்ப் ஒன்றின் ஒரு வயரைப் பற்றரி பொசிட்டிவில் வைத்து, மறு வயரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். எரிந்தால் உள்கம்பி அறவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. வாங்கும்போது பழையதைக் கொண்டுபோங்கள், ஒரே மாதிரித் தோற்றத்தில் வேறு வோல்ற்றில் வரும்.

குளோ பிளக் நல்லது, ஆனாலும் இரவு முழுக்க நின்றபின் நெடுநேரம் ஸ்டார்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் டீசல் பாதையில் காற்று. பில்டருக்கு மேலே இருக்கிற கைப்பம்பை அமத்திப் பாருங்கள். காலையில் அது தளர்ந்திருந்து, பத்துத் தரம் அடித்ததும் எஞ்சின் உடனே பிடித்தால் காரணம் அதுதான். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தெரிகிற குழாய்த் துண்டு ஒன்றைப் பூட்டினால் குமிழி கண்ணுக்கே தெரியும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், டீசலில் அது நாளடைவில் கெட்டுப்போகும். பெரும்பாலும் டீசல் ராங்கிப் பக்கம் உள்ள முதிர்ந்த ரப்பர்க் குழாய் ஒன்றுதான் குற்றவாளி, சில நூறு ரூபாய் வேலை. பில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுங்கள். பிளாஸ்ரிக் கானில் வாங்கி வைத்த டீசல் ஊற்றுகிறவர் என்றால் மாதம் ஒரு தரம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ஊரில் வயதான ஒருவர் கட்டாயம் வந்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டு, எல்லாம் சுத்தமாகும் என்பார். அவர் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் அப்படித்தான் ஓடின. அது உண்மையான கெட்டித்தனம். ஆனால் அது காபரேற்றர். உங்கள் டீசல் பம்ப் உள்ளே ஓடுகிற டீசலைத்தான் தனக்கு எண்ணெயாகவும் பாவிக்கிறது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு போதாது. பம்ப் தேய்ந்தால் அதைத் திருத்தும் செலவுக்கு நீங்கள் பல வருடம் நல்ல டீசல் அடிக்கலாம்.

டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரையும் நீங்களே திறந்து பிரிக்காதீர்கள். கழற்றிக் கொண்டுபோய்ச் சோதனை மேசை உள்ள இடத்தில் கொடுங்கள், திரும்பப் பூட்டும்போது அடியில் புதிய வாசர் போடுங்கள். இன்ஜெக்டர் பீச்சும்போது கையை முன்னால் வைத்துப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், விரலே போகக்கூடிய காயம் அது. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால் இன்றே மாற்றுங்கள். இது வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பொருந்த ஓட்டுகிற ரப்பர்ப் பெல்ற், 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியது. டாஷ்போர்ட்டில் அதற்கென்று ஒரு லைற்றே இருக்கிறது. சிலர் பல்ப்பைக் கழற்றிவிட்டு விற்பார்கள். பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதன் பிறகு ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. அடையாளம் மூன்றையும் நேராக்கி, கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொடவேண்டும்.

வயரிங்கை ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் பாருங்கள். நெல் வைக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திய வாகனத்தில் எலி கடிக்காத வயர் இராது. முதலில் பற்றரி நெகற்றிவில் இருந்து எஞ்சினுக்கும் பொடிக்கும் போகிற ஏர்த் வயர். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஒருவரைச் ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. பாதிப் பேர் ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றுவது இதைப் பார்க்காமல்தான். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை இருந்தால் சார்ஜ் நன்று.

டிஃப் ஒயிலையும் இரண்டு பக்கமும் திறந்து பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வாகனங்களில் இதை நிறையப் பார்த்தேன். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் மேலே உள்ள மூச்சுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத்தான் உறிஞ்ச வேண்டும். அந்தத் துவாரத்தில் ஒரு நீளமான ஹோஸைப் பூட்டி எஞ்சின் அறைக்குள் உயர்த்திக் கட்டிவிடுங்கள். உங்கள் ஆசைப்பட்டியலில் இல்லாத, ஆனால் உண்மையில் பிரயோசனமான மாற்றம் இதுதான். செலவும் இல்லை. முல்லைத்தீவு வட்டுவாகல் களப்புப் பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும்போது கடக்கிறவர் என்றால், அது உப்புத் தண்ணீர் என்பதையும் மறக்க வேண்டாம். அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். மீன் ஏற்றுகிறவர்களுக்கும் அதே கதைதான். ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் பெட்டியின் மடிப்புக்குள் இறங்கி உள்ளிருந்து தின்னும்.

பெரிய ரயர். உங்கள் வாகனத்தில் 205 ஆர் 16 அளவு ரயர் இருந்தால் அதன் உயரம் 29 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. 31 அங்குலம் போட்டால் கிட்டத்தட்ட 6 வீதம் கூடும். மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 63, 64 இல் போவீர்கள். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் சுமை கூடும். வயல் களிக்குள் அகலமான ரயர் மேலே மிதந்து வழுக்கும். ஒடுக்கமான, பல்லு ஆழமான ரயர் களியை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள இறுகல் நிலத்தைப் பிடிக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலுக்கு அகலம் நல்லதுதான், ஆனால் அங்கும் காற்றை 18, 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே பழைய ரயர் போதும். தாருக்கு ஏறுமுன் மீண்டும் அடிக்க வேண்டும், அவ்வளவே.

டர்போ வேண்டாம். 3எல் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏற்கெனவே 22க்கு 1 அளவில் உயர்ந்தே இருக்கிறது, ஹெட் ஏற்கெனவே பலவீனமானது, உங்களுடையது இப்போதே சூடேறுகிறது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பின்பெட்டிக் கூடு செய்யலாம், அதில் பிழை இல்லை. வெல்டிங் தொடங்குமுன் பற்றரி நெகற்றிவைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒல்டர்நேற்றரின் டயோட் போகும். ஏர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பெயாரிங் வழியாகப் போய் அதைக் கடிக்கும். கூட்டின் காலைப் பெட்டித் தகட்டில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள், தகட்டுக்குக் கீழே அகலமான இரும்புத் துண்டு வைத்து. செசியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ குறுக்கே வெல்டிங் செய்யவோ கூடாது. பாரத்தின் இழுவை முழுக்க அந்த விளிம்புகளில்தான். பழைய எஞ்சின் ஒயிலைச் செசிக்கு அடிப்பது கறளைத் தடுக்க உதவும், ஆனால் ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் ஹோஸிலும் படாமல் பாருங்கள்.

கூட்டை அடிக்க முன் பதிவுப் புத்தகத்தை எடுத்து எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வயது வாகனங்களில் எஞ்சின் ஒரு தரமாவது மாறியிருக்கும். மாறியது பதிவில் ஏறியிருக்க வேண்டும். பொடியின் அமைப்பை மாற்றுவதும் அப்படித்தான், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது, பிறகு விபத்து ஒன்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சோதனையும் வேண்டும். கறுப்புப் புகை வந்தால் முதலில் எயார் பில்டரை மாற்றிப் பாருங்கள். எங்கள் கிரவல் வீதிப் புழுதிக்கு அது பாதி நேரம் அடைபட்டே இருக்கும்.

பிரேக்கைக் கழற்றியதும் முன் கலிப்பர் பாட்டின் தடிப்பையும், பின் வால்வின் கம்பி எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். படம் எடுத்தால் இன்னும் நல்லது, பாரம் இல்லாமல் ஒன்று, பத்து மூட்டையோடு ஒன்று.